சொந்தக் கதையை மேடையில் சொல்வது: புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாதம் ஒருமுறை நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கதைக் கூட்டம் நடத்துகிறோம். தனக்கு நடந்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான் ஏற்பாடு. வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே போட்டுவிட்டோம். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரிக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இது பேச்சா, நாடகமா, ஸ்டாண்டப் காமெடியா?

மூன்றும் இல்லை. உங்களுக்கு நடந்த ஒன்றை, நீங்களே, காகிதம் பார்க்காமல், ஐந்தாறு நிமிடத்துக்குள் எதிரில் இருப்பவர்களுக்குச் சொல்வது. நடிக்க வேண்டாம், இரண்டு வரிக்கு ஒருமுறை சிரிக்க வைக்கவும் வேண்டாம்.

இன்று உலகமெங்கும் நடக்கும் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நியூயார்க்கில் தொடங்கிய 'தி மாத்' பெரிய முன்மாதிரி. ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற நாவலாசிரியர் 1997-ல் தன் வீட்டிலேயே ஆரம்பித்தது. சொந்த மாநிலமான ஜார்ஜியாவில் நண்பர்களோடு திண்ணையில் உட்கார்ந்து இரவெல்லாம் கதை பேசிய பழக்கத்தை நகரத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். திண்ணை விளக்கைச் சுற்றிய விட்டில்பூச்சிதான் அந்தப் பெயர். அவர்களுடைய போட்டிக் கூட்டங்களில் விருப்பமுள்ளவர்கள் பெயரை எழுதிப் பையில் போடுவார்கள், பத்துப் பேரைக் குலுக்கி எடுப்பார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம். கதை உண்மையாக இருக்க வேண்டும், சொல்கிறவருக்கு நடந்ததாக இருக்க வேண்டும், பார்த்துப் படிக்கக் கூடாது. எங்கள் கூட்டத்தின் விதிகளும் ஏறக்குறைய இவையே, மதிப்பெண் மட்டும் கிடையாது.

நம்மிடம் இல்லாததா? வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அங்கே சொல்லப்படுவது சுடலைமாடன் கதையோ நந்தனார் கதையோதான், சொல்கிறவரின் கதை இல்லை. திருவண்ணாமலையில் பவா செல்லதுரை கதை சொல்லும்போதுகூட பெரும்பாலும் இன்னொருவர் எழுதிய கதையைத்தான் எடுத்துக்கொள்கிறார். 'நான்' என்று தொடங்கும் கதை நம் ஊரில் மேடை ஏறியது குறைவு. அது டீக்கடையிலும், ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடமும், சாவு வீட்டில் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருக்கும்போதும்தான் வெளியே வரும். சாவு வீட்டில் செத்தவரைப் பற்றி ஒருவர் ஆரம்பிக்க, அடுத்தவர் 'அது பரவாயில்ல, எங்கிட்ட என்ன பண்ணாரு தெரியுமா' என்று எடுக்க, அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிடுவார்கள். அங்கே கதை சொன்ன யாரும் பயிற்சிக்குப் போனதில்லை.

வில்லுப்பாட்டிலிருந்து ஒன்றை மட்டும் நாங்கள் கடன் வாங்கியிருக்கிறோம். முக்கியப் பாடகர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். 2022-ல் மறைந்த சுப்பு ஆறுமுகத்தின் நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த 'ஆமா' எவ்வளவு வேலை செய்யும் என்று தெரியும். அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது கீழே வருகிறது.

என் வாழ்க்கையில் சொல்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லையே?

எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள், ஆளே காட்டுக்குள் தொலைந்து திரும்பியவராக இருந்தாலும்.

வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1960-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மக்களிடம் 'செத்துப் போயிடுவோம்னு நெனச்ச சமயம் ஏதாவது உண்டா?' என்று கேட்டுக் கதைகளைப் பதிவு செய்தார். ஜோஷுவா வாலெட்ஸ்கியோடு சேர்ந்து 1967-ல் அவர் வெளியிட்ட ஆய்வும், அதற்குப் பிறகு அவர் எழுதியவையும் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகின்றன. அதில் எங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. சம்பவங்களை வரிசையாக அடுக்கிவிட்டால் மட்டும் கதை ஆகிவிடாது, 'சரி, அதுக்கென்ன இப்ப?' என்று கேட்பவர் கேட்காதபடி சொல்கிறவர் வழி நெடுகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாவின் விளிம்புவரை போய் வந்த ஆள் சொல்லும் கதைக்கும் 'அதுக்கென்ன' விழலாம். ரேஷன் கடையில் வரிசையில் நின்ற கதைக்கு விழாமலும் போகலாம். நடந்தது பெரியதா சிறியதா என்பதைவிட அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது, அது கிடைக்காமல் போனால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரிந்தால் போதும்.

சரி, கதையை எங்கே தேடுவது?

'என் வாழ்க்கையை மாற்றிய தருணம்' என்று யோசித்தால் ஒன்றும் வராது, வந்தாலும் பொய்யாக வரும். பொருளிலிருந்து தேடுங்கள். வீட்டில் விற்கப்பட்ட ஒரு பொருள், அடகுக்குப் போய்த் திரும்பாத நகை, யாரும் தூக்கிப் போட விடாத ஒரு உடைந்த மிக்சி. அல்லது நீங்கள் சொல்லி மாட்டிக்கொள்ளாத பொய். அல்லது உங்கள் வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் ஒரே சம்பவம், இது ரொம்ப நல்ல இடம், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே ஒரு சண்டை இருக்கிறது. உங்களையும் அறியாமல் நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று இருக்கும், 'இதை ஏற்கெனவே சொல்லிட்ட' என்று அவர்களே நிறுத்துவார்கள். அதைக் கொண்டுவாருங்கள். பாதி வேலை முடிந்திருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது? நான் ஆரம்பித்தாலே பின்னணி சொல்வதிலேயே நேரம் போய்விடுகிறது.

ஒரு கதையை உதாரணத்துக்கு உருவாக்குவோம். 2009-ல் ஒரு பெண் பொறியியல் கவுன்சிலிங்குக்கு அப்பாவோடு சென்னை போகிறாள். 2017 வரை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில்தான் போக வேண்டும், 2018-ல்தான் அது இணையத்துக்கு மாறியது. அப்பா எலக்ட்ரானிக்ஸ் எடுக்கச் சொல்லிக் கூட்டி வருகிறார், அவள் உள்ளே போய் சிவிலை எடுத்துவிடுகிறாள். இதுதான் சம்பவம்.

பெரும்பாலானவர்கள் இதை இப்படித் தொடங்குவார்கள்: 'எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம், அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு, வீட்ல மூணு பொண்ணு, நான் நடுவுல, பத்தாவதுல நல்ல மார்க், பன்னிரண்டாவதுல பயாலஜி குரூப் கிடைக்கல...' இரண்டு நிமிடம் போய்விட்டது, பஸ்ஸே இன்னும் கிளம்பவில்லை.

'ஸ்கிரீன்ல சிவிலுக்கு மூணு சீட்டு காட்டுச்சு, எங்க அப்பா எலக்ட்ரானிக்ஸ் கட்டத்துல விரலை வச்சிருந்தாரு.' இப்படித் தொடங்கினால் ஒரே வரியில் இரண்டு பேரும், இரண்டு ஆசையும், குறைந்துகொண்டே வரும் ஒரு எண்ணும் வந்துவிட்டன. அப்பா தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் என்பது தேவைப்பட்டால் நடுவில் ஒரு மூச்சில் வரும். வீட்டில் மூன்று பெண் என்பது அவர் ஏன் எலக்ட்ரானிக்ஸில் பிடிவாதமாக இருந்தார் என்று சொல்லும் இடத்தில் வந்தால்தான் அதற்கு கனம். பயாலஜி குரூப் தேவையே இல்லை.

பின்னணி வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்பவருக்கு அது வேண்டும் என்று தோன்றிய பிறகு கொடுங்கள். தனக்கே கேள்வி எழும் முன்னால் பதில் வந்தால் யாருக்கும் அது மனதில் நிற்காது.

ஆட்களைக் குறைப்பதும் இதோடு சேர்ந்தது. நமக்கு ஒரு வசதி உண்டு, 'பெரியத்தை' என்று சொன்னால் போதும், வயது, அதிகாரம், அவர் முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்பதெல்லாம் கேட்பவருக்கு வந்துவிடும். அதே வசதியில் மயங்கி 'சின்ன மாமாவோட மச்சினர் பையன்' வரை போனால் கூட்டம் மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிடும், கதை நின்றுவிடும். அவரை 'ஒரு சொந்தக்காரப் பையன்' ஆக்கிவிடுங்கள், தப்பில்லை.

எழுதி வைத்து மனப்பாடம் செய்துவிட்டு வரலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் எங்களுக்குப் பிடிவாதம் உள்ள ஒரே பதில் இது.

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரே மேடைக்கலை பேச்சுப்போட்டி. தமிழாசிரியர் எழுதிக் கொடுப்பார், மனப்பாடம் செய்வோம், 'அவையோர்களே' என்று உரக்க ஆரம்பித்து ஒரே சுருதியில் ஏறி இறங்கி முடிப்போம். அந்தக் குரல் முப்பது வருடம் கழித்தும் உடம்பிலேயே இருக்கிறது. டீக்கடையில் ஊரையே சிரிக்க வைக்கும் ஆள் மைக்கைப் பிடித்ததும் 'அன்று நான் அடைந்த வேதனைக்கு அளவே இல்லை' என்பார். அளவே இல்லாத வேதனை கேட்பவருக்குப் பிடிபடாது. கதையை எழுதினால் அந்தக் குரல்தான் பேனாவைப் பிடிக்கிறது, அதனால்தான் எழுத வேண்டாம் என்கிறோம். மனப்பாடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு, ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. நடந்ததை நினைவிலிருந்து சொல்கிறவருக்கு ஒரு வரி போனால் போகட்டும், சம்பவம் இருக்கிறது.

பதிலுக்கு நாங்கள் செய்யச் சொல்வது இதுதான். ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களை ஏற்கெனவே முழுதாகத் தெரிந்தவர் வேண்டாம், கொஞ்சம் தெரிந்தவர் போதும். அவரிடம் கதையைச் சொல்லுங்கள். அவர் 'ம்' கொட்ட வேண்டும், வேறு எதுவும் பேசக் கூடாது. பாட்டியிடம் கதை கேட்ட யாருக்கும் இது புதிதில்லை, 'ம்' நின்றால் பாட்டியும் நிறுத்திவிடுவாள், தூங்கிட்டியா என்பாள். எங்கே அவருடைய 'ம்' மெலிகிறது, எங்கே 'ம்ம்?' என்று கேள்வியாக மாறுகிறது, எங்கே 'ம்' கொட்டவே மறந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கவனியுங்கள். மெலிந்த இடத்தை அடுத்த முறை வெட்டுங்கள், கேள்வியான இடத்தில் ஒரு விவரம் சேருங்கள், மறந்த இடத்தைத் தொடாதீர்கள். பிறகு வேறு ஒரு ஆளிடம். ஒவ்வொரு முறையும் வார்த்தைகள் கொஞ்சம் மாறும், மாறட்டும். ஒருவரிடம் பாதியில் நீங்களாகவே சேர்த்த ஒரு வரி நன்றாக விழுந்தால் அது தானாக அடுத்த முறைக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

எதையும் எழுதவே கூடாதா என்றால், முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐந்தாறு நிறுத்தங்கள்: பஸ், வரிசை, ஸ்கிரீன், விரல், கையெழுத்து, வெளியே வந்தது. பஸ்ஸில் தூங்கினாலும் நிறுத்தம் பெயர் கேட்டால் விழித்துக்கொள்வோம் அல்லவா, அந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

எந்தத் தமிழில் சொல்வது? எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா?

வீட்டில் பேசும் தமிழில். நெல்லைக்காரர் 'அவிய வந்தாவ' என்றே சொல்லட்டும், கோயமுத்தூர்க்காரருக்கு 'ஏனுங்க' வரட்டும், யாழ்ப்பாணத்துக்காரர் 'அவை வந்தவை' என்று சொன்னால் கூட்டத்தில் யாருக்கும் புரியாமல் போய்விடாது. புரியாத ஒரு வார்த்தை வந்தாலும் அது வரும் இடத்தை வைத்து ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். மேடைக்காகத் திருத்திய பொதுத்தமிழில் சொன்னால் உங்கள் அம்மா செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுவார். ஆங்கிலம் கலந்துதான் பேசுவீர்கள் என்றால் கலந்தே சொல்லுங்கள், இதற்காகத் தூய்மை தேட வேண்டாம்.

பேச்சுத் தமிழிலேயே கதைக்கென்று சில வித்தைகள் இருக்கின்றன, நீங்கள் தெரியாமலே பயன்படுத்துபவை. வேகமாகக் கடக்க வேண்டிய இடத்தில் வினையெச்சத்தை அடுக்குகிறோம்: 'ராத்திரி பஸ் ஏறி, கோயம்பேட்டுல எறங்கி, அங்கயே பல்லு வெளக்கி, கட்டிட்டு வந்த இட்லியத் தின்னுட்டு, கிண்டிக்குப் போனா...' ஒரு மூச்சில் பன்னிரண்டு மணி நேரம் போய்விட்டது. நிதானிக்க வேண்டிய இடத்தில் முற்றுவினை: 'நம்பர் கூப்ட்டாங்க. உள்ள போனோம். ஸ்கிரீனப் பாத்தேன். மூணு இருந்துச்சு. ரெண்டாச்சு.' ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் கூட்டம் உங்களோடு நிற்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பஸ் பயணம் மூன்று நிமிடம் இழுக்கும், சீட்டு எடுத்த இடம் கண்ணுக்கே படாது. கதை போரடிக்கிறது என்று சொல்பவர்களுடைய சிக்கல் பாதி நேரம் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம் 'பாத்தா'. 'திரும்பிப் பாத்தா, அப்பாவக் காணோம்.' இங்கே காலம்கூட மாறிவிடுகிறது, இறந்தகாலத்தில் போய்க்கொண்டிருந்த கதை சட்டென்று இப்போது நடப்பதாகிவிடுகிறது. ஒரு கதையில் ஓரிரு முறை போதும், பத்து 'பாத்தா' வந்தால் ஒன்றுக்கும் அதிர்ச்சி இருக்காது.

பேச்சை அப்படியே கொடுங்கள். 'அப்பா கடுமையாகக் கண்டித்தார்' என்பதில் அப்பா இல்லை. '"ஊருக்கு வா, பேசிக்கலாம்"னாரு' என்பதில் இருக்கிறார். குரலை மாற்றி நடித்துக் காட்ட வேண்டியதில்லை, அவர் எந்த வார்த்தையைப் பயன்படுத்தினாரோ அது வந்தால் போதும்.

எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும்? உரையாடலெல்லாம் அப்படியே நினைவில் இல்லை.

நடந்தது நடந்திருக்க வேண்டும். நடக்காத சாவு, வராத நோய், பேசாத ஆள் இதெல்லாம் கூடாது. இரண்டு பஸ் பயணத்தை ஒன்றாகச் சுருக்குவது, மறந்த பேச்சை அந்த ஆள் பேசியிருக்கக்கூடிய விதத்தில் சொல்வது, இதில் யாருக்கும் வருத்தமில்லை.

'எனக்குத் துல்லியமா ஞாபகம் இருக்கு' என்று சொல்வதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அந்தச் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர். இரண்டரை வருடம் கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது கால்வாசிப் பேர் சொன்னது முதலில் எழுதியதோடு எதிலும் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் உறுதியாகச் சொன்னார்கள். அவர்களுடைய கையெழுத்தையே காட்டியபோதும் பழையது திரும்ப நினைவுக்கு வரவில்லை. உங்கள் கதையில் இன்னொருவர் மீது பெரிய குற்றச்சாட்டு இருந்தால், அங்கே இருந்த வேறு யாரிடமாவது ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்டால் கதையே நன்றாக ஆவதும் உண்டு, 'நீதான் மொதல்ல கத்துன' என்று அக்கா சொல்வாள்.

வீட்டு ஆட்களைப் பற்றிச் சொல்லலாமா? கோபித்துக்கொண்டால்?

சொல்லாமல் நம்மால் கதையே சொல்ல முடியாது. நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல்: கதை உங்கள் மேல் நடக்க வேண்டும். அக்காவின் விவாகரத்து அக்காவின் கதை. அந்தச் சமயத்தில் அக்கா பக்கம் நிற்காமல் நீங்கள் வாய்மூடி இருந்தது உங்கள் கதை, அதை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் முடிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயரை மாற்றுவது எளிது, ஆனால் 'எங்க பெரிய மாமியார்' என்றால் பெயர் மாற்றி என்ன பயன், ஊரில் அவர் ஒருவர்தானே.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் அவதூறு குற்றவியல் வழக்காகவும் வரலாம், முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500, இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. 'உண்மையைத்தானே சொன்னேன்' என்பது மட்டும் அங்கே போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்கு என்றும் காட்ட வேண்டியிருக்கும். அதனால் கடை, நிறுவனம், மேலாளர் பெயரெல்லாம் எங்கள் கூட்டத்தில் சொல்லக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளான இன்னொருவரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம், பெயர் சொல்லாமல் ஊரையும் தெருவையும் சொல்வதும் அதில் வரும்.

சாதி வருகிற கதைகள் இங்கே நிறைய வரும், வரட்டும். 'அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான்' என்று மழுப்பிக் கடந்து போவதைத்தான் கேட்க முடியவில்லை.

சொல்லும்போது அழுகை வந்துவிட்டால்?

வந்தால் வரட்டும், நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆனால் தனியாக ஒருவரிடம் சொல்லும்போதே ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உடைகிறது என்றால் அந்தக் கதை இன்னும் உங்களுக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை மேடைக்குக் கொண்டுவந்தால் கூட்டம் கதையை விட்டுவிட்டு உங்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்கும். தள்ளிப் போடுங்கள். இது சிகிச்சை இல்லை, அப்படி நாங்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை. தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் போங்கள், மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

கை கால் நடுங்குகிறது. என்ன செய்வது?

நடுங்கும். பல வருடம் சொல்கிறவர்களுக்கும் நடுங்கும். 'அமைதியா இரு, அமைதியா இரு' என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வது பெரிதாக உதவாது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், பேசப் போகும் முன் 'எனக்கு உற்சாகமா இருக்கு' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் 'நான் அமைதியா இருக்கேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இதயம் படபடப்பதை நிறுத்துவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம் போலிருக்கிறது.

இன்னொன்று, உங்கள் நடுக்கம் உங்களுக்குத் தெரிகிற அளவு வெளியே தெரிவதில்லை. காகிதத்தைக் கையில் பிடித்தால்தான் தெரியும், அது படபடக்கும். காகிதம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்.

மைக், கை, கண்ணெல்லாம்?

மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் தாடைக்குச் சற்றுக் கீழே நான்கு விரல் தள்ளி வையுங்கள், 'ப' வரும்போது வெடிக்காது. தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே வரட்டும். கையை என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள், அது தானே ஏதாவது செய்யும். கண்ணை மூன்று நான்கு முகங்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுங்கள், அதில் ஒருவர் கட்டாயம் தலையாட்டிக்கொண்டிருப்பார். அவர்தான் உங்களுடைய 'ஆமா' போடுபவர், தடுமாறும்போது அவரிடம் போய்விடுங்கள்.

சிரிக்க வைக்க வேண்டுமா?

வேண்டாம். உண்மையாகச் சொன்னால் சிரிப்பு தானே வரும். நகைச்சுவைத் துணுக்கை ஒட்டவைத்தால் ஒட்டு தெரியும்.

ஐந்து நிமிடம் போதுமா?

நிதானமாகச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 450, 500 சொற்கள். குறைவாகத் தோன்றும், ஆனால் மேலே சொன்ன கவுன்சிலிங் கதை தாராளமாக அடங்கும், கடைசியில் அப்பா யாருக்கோ போன் போடும் இடத்தையும் சேர்த்து. வீட்டில் போனில் பதிவு செய்து பாருங்கள். நான்கரை நிமிடம் வந்தால் சரி, ஏனென்றால் மேடையில் கூட்டம் சிரிப்பதற்கும் நீங்கள் திணறுவதற்கும் சேர்த்து அரை நிமிடம் போகும். ஐந்தாவது நிமிடத்தில் நாங்கள் மணி அடிப்போம், ஆறாவதில் கை தட்டிவிடுவோம்.

எப்படி முடிப்பது?

பெரும்பாலான நல்ல கதைகள் கெட்டுப்போகிற இடம் இது. 'இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்னவென்றால்' என்று ஆரம்பித்தாலே பேச்சுப்போட்டி திரும்பி வந்துவிடுகிறது. நீதிக்கதை கேட்டே வளர்ந்ததால் கடைசியில் ஒரு நீதி இல்லாவிட்டால் நமக்குக் கடன் வைத்த மாதிரி இருக்கிறது. கேட்பவர்களுக்குத் தானே புரிந்துகொள்ளத் தெரியும், விட்டுவிடுங்கள்.

கவுன்சிலிங் கதையையே எடுத்தால், 'பெற்றோர் பிள்ளைகளின் விருப்பத்தை மதிக்க வேண்டும்' என்று முடித்தால் அது தொலைக்காட்சி விவாதம். வெளியே வந்ததும் அப்பா யாருக்கோ போன் செய்து 'ஆமா, சிவில்தான், நாந்தான் எடுக்கச் சொன்னேன்' என்று சொன்னதைச் சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிடலாம். எல்லாக் கதைக்கும் இப்படி ஒரு வரி அமையாது. அமையாவிட்டால் நடந்தது எங்கே நின்றதோ அங்கே நிறுத்துங்கள். 'அப்புறம் நாலு வருஷம் படிச்சேன், இப்ப ரோடு போடுற வேலை' என்பதும் நல்ல முடிவுதான்.

முடித்ததும் 'அவ்வளவுதான், சொதப்பிட்டேன்னு நெனைக்கிறேன்' என்று சிரித்துக்கொண்டே இறங்காதீர்கள். தயவுசெய்து.

கேட்க மட்டும் வரலாமா?

தாராளமாக. சொல்கிறவர்களைவிட நல்லபடியாகக் கேட்கிறவர்களுக்குத்தான் இங்கே பஞ்சம். கருத்து சொல்லும் பகுதியும் உண்டு, அதில் ஒரே விதி: அறிவுரை கிடையாது. 'நீங்க அப்பாகிட்ட முன்னாடியே பேசியிருக்கலாம்' என்பது கதையைப் பற்றிய கருத்து இல்லை. 'ஸ்கிரீன்ல ரெண்டாச்சுன்னு சொன்னப்ப எனக்கு வயிறு கலங்குச்சு', 'அக்கா எப்ப வந்தாங்கன்னு புரியல' இந்த மாதிரி சொல்லுங்கள். சொன்னவருக்கு அடுத்த முறைக்கு உதவும்.

வீடியோ எடுத்துப் போடுவீர்களா?

கேட்காமல் மாட்டோம். சொன்னவர் கேட்டால் அவருடைய பதிவை அவருக்கு மட்டும் அனுப்புவோம். இருபது பேர் அறையில் சொல்ல முடிகிற கதை எல்லாம் யூடியூபில் இருக்க வேண்டிய கதை இல்லை. பார்வையாளர்களும் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

எனக்கு மேடை வேண்டாம், என் பாட்டியின் கதைகளைப் பதிவு செய்து வைக்க ஆசை. அதற்கு உதவுவீர்களா?

உதவுவோம், சந்தோஷமாக. இதற்கும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. டேவ் ஐசே என்பவர் 2003-ல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்னப் பதிவு அறையை வைத்து ஸ்டோரிகார்ப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். தெரிந்த இரண்டு பேர் உள்ளே போய் 40 நிமிடம் ஒருவரை ஒருவர் கேட்டுப் பேசுவார்கள், அவர்கள் சம்மதித்தால் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். கேள்வி கேட்பவர் செய்தியாளர் இல்லை, பேரன் பேத்தியோ நண்பரோதான், அதனால்தான் அந்தப் பதிவுகள் அப்படி இருக்கின்றன.

உங்களுக்குப் போன் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், மிக்சி ஓடாத நேரமாகப் பாருங்கள், போனைப் பாட்டிக்கு ஒரு முழத்துக்குள் துணி மேல் வையுங்கள், மேசை அதிர்வு வராது. 'உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க பாட்டி' என்றால் 'என்னத்தச் சொல்ல' என்பார்கள். 'கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்ல அடுப்பு எங்க இருந்துச்சு?' என்று கேளுங்கள். அடுப்பிலிருந்து மாமியாருக்கு அவர்களே வந்துவிடுவார்கள். நடுவில் திருத்த வேண்டாம், வருடத்தை மாற்றிச் சொன்னாலும் பரவாயில்லை, 'ம்' மட்டும் கொட்டிக்கொண்டிருங்கள். முடிந்ததும் அன்றைக்கே கோப்புக்குத் தேதியும் பெயரும் போட்டு இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள், போன் மாற்றும்போது இவைதான் முதலில் காணாமல் போகின்றன.